வலிய கப்பித்தான் டிலனாய்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் சாலையில், புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. கோட்டைக்குள் கூரையிழந்து நிற்கும் சிற்றாலயத்தில் அந்நிய நாட்டுப் போர்வீரர் ஒருவரின் கல்லறையைக் காணலாம். இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துப் பொறித்த கல்லறை அது. அங்கே துயில்பவர்தான் எவுஸ்தாக்கியுஸ் பெனடிக்ட் டிலனாய்.

1715-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் ஆராஸ் நகரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த இவர், டச்சுக் கம்பெனியின் படையில் சேர்ந்து கீழ்த்திசை வந்தார். 1741-இல் குளச்சல் கடற்கரையில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரரை முறியடித்தது. டிலனாய் போர்க் கைதியானார். கைதியின் திறமையை அறிந்த மன்னர், தம் படைக்கே அவரைப் பயிற்சியாளராக்கினார்.

திருவிதாங்கூர் வீரர்களுக்கு ஐரோப்பிய முறையில் துப்பாக்கிப் பயிற்சி அளித்தார் டிலனாய். உதயகிரிக் கோட்டையைப் புதுப்பித்து, அங்கே பீரங்கி வார்க்கும் உலையும் அமைத்தார். வட்டக்கோட்டையையும் வலுப்படுத்தினார். படிப்படியாக உயர்ந்து தளபதியான அவரை மக்கள் "வலிய கப்பித்தான்" என்று அழைத்தனர்.

நட்டாலத்தைச் சேர்ந்த அரசு அலுவலர் நீலகண்ட பிள்ளை அவருக்கு நண்பரானார். ஆடுமாடுகள் மடிந்து, பயிர்கள் அழிந்து மனமுடைந்திருந்த நண்பருக்கு, எல்லாம் இழந்தும் இறைவனை இழக்காத யோபுவின் வரலாற்றை டிலனாய் எடுத்துரைத்தார். நண்பரின் உள்ளத்தில் விசுவாசம் வேரூன்றியது. 1745 மே 14-ஆம் நாள் வடக்கன்குளத்தில் சேசு சபைக் குரு புத்தாரி அடிகளாரிடம் நீலகண்டர் ஞானஸ்நானம் பெற்று, தேவசகாயம் ஆனார்.

பின்னர் சோதனை வந்தது. தேவசகாயம் 1749-இல் சிறைப்பட்டு, கொடிய வாதனைகளுக்குப் பின் 1752 சனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். எந்த மன்னரின் படையை டிலனாய் உருவாக்கினாரோ, அந்த மன்னரின் ஆட்சியிலேயே அவருடைய நண்பர் உயிரிழந்தார். தளபதியாயிருந்தும் அவரைக் காப்பாற்ற இவரால் இயலவில்லை. அந்த வேதனையைச் சுமந்துகொண்டே தம் கடமையைத் தொடர்ந்தார்.

1765-இல் அடுத்த இடி விழுந்தது. இருபது வயதையும் எட்டாத மகன் யோவான் களக்காட்டுப் போரில் மாண்டான். நண்பருக்குச் சொன்ன யோபுவின் பாடத்தை இப்போது தாமே கற்க வேண்டியதாயிற்று.

அப்போதும் அவர் பணியை விடவில்லை. அடுத்த மன்னர் கார்த்திகைத் திருநாள் ராமவர்மாவின் காலத்தில் வடஎல்லையில் நெடுங்கோட்டை அரண் வலுப்பெற உழைத்தார். 1789-இன் இறுதியில் திப்பு சுல்தான் படையின் முதல் தாக்குதலை அந்த அரணே தடுத்து நிறுத்தியது. அதைக் காண டிலனாய் உயிரோடில்லை. 1777 சூன் 1-ஆம் நாள் உதயகிரியிலேயே இறைவனடி சேர்ந்திருந்தார்.

தேவசகாயம் 2022 மே 15-ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்டார். டிலனாய்க்குப் பீடமில்லை, திருவிழாவுமில்லை. ஆயினும் துன்புற்ற நண்பனருகே அமர்ந்து அவர் பேசிய ஆறுதல் மொழி ஒரு புனிதரை நமக்குத் தந்தது. உதயகிரி வழியே பயணம் செய்யும் அன்பர்கள் அக்கல்லறையருகே சற்று நின்று, அவருக்காக ஒரு செபம் சொல்லிச் செல்வார்களாக.