மறைத்த பெயரும் அறிவித்த பெயரும்

இரட்டைமலை சீனிவாசன் என்றதும் நம் நினைவுக்கு வருவது லண்டன் வட்டமேசை மாநாடு. 1930, 1931ஆம் ஆண்டுகளில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்து ஒடுக்கப்பட்ட மக்களின் உரிமைக்காக வாதாடியவர் அவர். ஆனால், அவரது வாழ்வைத் தொடக்கத்திலிருந்து படிப்போருக்கு முதலில் எதிர்ப்படுபவர், தன்னை யாரும் அறிந்துவிடக் கூடாதே என்று அஞ்சி ஒதுங்கிய ஒரு மாணவர்.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்தவர் சீனிவாசன். கோயம்புத்தூரில் படித்தபோது உடன் பயின்ற ஏறத்தாழ 400 பேரில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். தன் சாதியும் குடும்பமும் இருப்பிடமும் தெரிந்துவிட்டால் இழிவாக நடத்துவார்கள் என்ற அச்சம் அவரை விடவில்லை. பள்ளி தொடங்கும்வரை வெளியே எங்கேனும் அமர்ந்து படிப்பார். மணி அடித்த பின்பே வகுப்புக்குள் நுழைவார். வகுப்பு முடிந்ததும் யாரும் உடன் வந்துவிடாதபடி விரைந்து வீடு திரும்புவார். பிள்ளைகளோடு கூடி விளையாட முடியாத அந்தத் துயரத்தை, 1939இல் வெளியான தமது ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் மறவாமல் பதிவு செய்திருக்கிறார்.

தீண்டாமையின் இழப்பைப் பொருளியலாளர்களாகிய நாங்கள் நிலத்திலும் கூலியிலும் அளப்போம். அது தேவையான அளவீடுதான். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கை, குடியிருக்கும் மனைகூடத் தமக்கென இல்லாத மக்களின் நிலையை அரசுக்கு உணர்த்தியது. பஞ்சமி நிலங்கள் அதன் விளைவே. ஆனால், ஒரு மாணவன் இழந்த நட்பை எந்த வருவாய்ப் பதிவேட்டிலும் காண முடியாது.

நீலகிரியில் கணக்கராகப் பணியாற்றிவிட்டு, 1890இல் சென்னைக்கு வந்தார் சீனிவாசன். 1893 அக்டோபரில் அவர் தொடங்கிய இதழுக்குச் சூட்டிய பெயர் ‘பறையன்’. எந்தச் சொல்லுக்கு அஞ்சி ஒதுங்கினாரோ அதையே தலைப்பாக்கினார். அந்தப் பெயர் வேண்டாம் என்றவர்கள் அவரது சமூகத்திலேயே இருந்தார்கள். தன்னை இன்னார் என்று வெளிப்படுத்திக்கொள்ளத் தயங்கும் மக்கள் தமக்குரிய உரிமையைக் கேட்டுப் பெற இயலாது என்பது அவர் கண்ட தெளிவு.

1900இல் கடல் கடந்து சென்றவர், தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி 1921இல் திரும்பினார். 1923இல் சென்னை மாகாணச் சட்டமன்ற உறுப்பினரானார். பொதுச் சாலை, கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றை எந்த வகுப்பினரும் பயன்படுத்தத் தடையில்லை என 1924இல் நிறைவேறிய தீர்மானம் அவர் கொண்டுவந்தது. பூனா ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டார். 1945 செப்டம்பர் 18 அன்று மறைந்தார்.

அவர் பிறந்த அதே பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததுதான் நான் வசிக்கும் திருமுடிவாக்கம். சிட்கோ தொழிற்பேட்டைக்கு வேலை தேடி வரும் இளைஞர்கள் இங்கு வாடகைக்கு வீடு கேட்கிறார்கள். நேரடியாகச் சாதியைக் கேட்பவர் குறைவு. சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு, குலதெய்வம் எது, அசைவம் சமைப்பீர்களா என்று விசாரணை நீளும். என் முன்னாள் மாணவர் ஒருவர், ஊர்ப் பெயரையே மாற்றிச் சொல்லி வீடு பிடித்திருக்கிறார். ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் பேச்சில் தெரிந்துவிடுமோ என்று அஞ்சி, அவர்களை அழைப்பதையே தவிர்க்கிறார்.

தீண்டாமையின் பேரில் ஒருவர் குடியிருப்பதைத் தடுப்பது 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனால், காரணம் சொல்லாமல் மறுக்கப்படும் வீட்டுக்கு எந்தச் சாட்சியைக் கொண்டு வழக்குத் தொடுப்பது? சாலையையும் கிணற்றையும் திறந்துவிடச் சீனிவாசனால் ஒரு தீர்மானம் கொண்டுவர முடிந்தது. வாடகை வீட்டின் கதவைத் திறக்க வேண்டியவர்கள் வீட்டு உரிமையாளர்களாகிய நாம்தான். வருபவரிடம் வாடகையும் முன்பணமும் பேசுவோம். எந்தத் தெரு என்று கேட்பதை விட்டுவிடுவோம்.