மேகத்துக்குள் வழி காட்டியவர்

மார்கழி மாதம். விடியற்காலை நேரம். திருத்தணி மலையைப் பனி மூடியிருக்கிறது. கோபுரம் தெரியவில்லை. எதிரே வருகிறவர் முகமும் தெரியவில்லை. ஆனாலும் பக்தர்கள் முருகன் பெயரைச் சொல்லிப் படி ஏறுகிறார்கள். மொத்தம் 365 படிகள். காலுக்குக் கீழே படி இருக்கிறது. ஆகையால் பயம் இல்லை.

அந்தப் பனிக்கு மேலே ஆகாய விமானத்தின் இரைச்சல் கேட்கிறது. பக்கத்து ஊரான அரக்கோணத்தில் 1992-ம் ஆண்டு முதல் "ராஜாளி" என்ற கடற்படை விமான தளம் இருக்கிறது. ஆகவே திருத்தணிக்காரர்களுக்கு இந்த இரைச்சல் புதிதல்ல.

மேகத்துக்குள் போகும் விமானிக்குக் காலுக்கடியில் படி உண்டா? இல்லை. மேலே எது, கீழே எது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

காது செய்யும் மோசம்

குழந்தைகள் கண்ணை மூடிக்கொண்டு தட்டாமாலை சுற்றுவார்கள். நின்ற பிறகும் உலகம் சுற்றுவதுபோல் இருக்கும். காதுக்குள் இருக்கும் நீர் செய்யும் வேலை அது. மேகத்துக்குள் விமானிக்கும் இதே கதிதான். விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வட்டமிட்டுக் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். அவரோ நேராகப் போவதாக நினைப்பார். இப்படி மாண்டவர்கள் பலர்.

இந்த ஆபத்துக்கு மருந்து கண்டவர்களில் முக்கியமானவர் எல்மர் ஸ்பெர்ரி.

தாயில்லாப் பிள்ளை

எல்மர் ஸ்பெர்ரி 1860-ம் ஆண்டு அக்டோபர் 12-ந் தேதி அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தார். பிறந்தவுடனேயே தாயை இழந்தார். தாத்தா, பாட்டி வீட்டில் வளர்ந்தார். பெரிய பட்டம் எதுவும் பெறவில்லை. ஆனால் எந்த இயந்திரத்தைக் கண்டாலும் அது எப்படி ஓடுகிறது என்று ஆராயாமல் விடமாட்டார்.

இளம் வயதிலேயே சிகாகோ நகருக்குச் சென்று, மின்சார விளக்குத் தொழில் தொடங்கினார். தம் ஆயுளில் 350-க்கும் மேற்பட்ட கண்டுபிடிப்புகளுக்கு உரிமை பெற்றார்.

பம்பரத்தின் பிடிவாதம்

அவர் மனதைக் கவர்ந்தது பம்பரம்!

வேகமாகச் சுற்றும் பம்பரம் சாயாமல் நிற்கிறது. கையில் ஏந்தி, கையைச் சற்றுச் சாய்த்தாலும் அது நிமிர்ந்தே நிற்கப் பார்க்கும். இந்தப் பிடிவாதக் குணமுள்ள சக்கரத்துக்கு ஜைரோஸ்கோப் என்று பெயர்.

இதைக் கொண்டு கப்பலுக்குத் திசை காட்டும் கருவி செய்தார் ஸ்பெர்ரி. 1910-ம் ஆண்டு புரூக்ளின் நகரில் கம்பெனி தொடங்கினார். 1911-ல் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றில் அந்தக் கருவி சோதிக்கப்பட்டது. பிறகு அவர் ஆகாய விமானத்தின் பக்கம் திரும்பினார்.

கையை விட்ட மகன்

அவருடைய மகன் லாரன்ஸ் துணிச்சல்காரர். தந்தை கருவி செய்வார். மகன் அதை வைத்துப் பறப்பார்.

1914-ம் ஆண்டு ஜூன் 18-ந் தேதி, பாரிஸ் நகருக்கு அருகே விமானப் பாதுகாப்புப் போட்டி நடந்தது. லாரன்ஸ் தாழ்வாகப் பறந்து வந்தார். எல்லோரும் பார்க்க இரண்டு கைகளையும் மேலே தூக்கினார்! விமானம் ஆடவில்லை. அவருடைய உதவியாளர் இறக்கைமேல் ஏறி நடந்தார். அப்போதும் சாயவில்லை. உள்ளே இருந்த பம்பரங்கள் அதை நேராக வைத்திருந்தன. 50,000 பிராங்க் பரிசு கிடைத்தது.

அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. 1923-ம் ஆண்டு டிசம்பர் 13-ந் தேதி, இங்கிலீஷ் கால்வாயைக் கடக்கத் தனியாகப் புறப்பட்ட லாரன்ஸ் கடலில் மாண்டார். அப்போது அவருக்கு வயது 30. உடல் மறு மாதம்தான் கிடைத்தது.

மகனைப் பறிகொடுத்த தந்தைக்கு அப்போது வயது 63. தொழிலை மூடிவிட்டு அவர் வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அவர் அப்படிச் செய்யவில்லை.

திரைக்குள் ஒரு பயணம்

சில ஆண்டுகள் சென்றன. ஜேம்ஸ் டூலிட்டில் என்ற விமானி ஸ்பெர்ரியை நாடி வந்தார். மேகத்துக்குள் இருக்கும்போதும் அடிவானத்தைக் காட்டும் கருவி ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது. ஸ்பெர்ரி அந்த வேலையைத் தம் இன்னொரு மகனான இளைய எல்மரிடம் ஒப்படைத்தார்.

கருவி உருவாயிற்று. அதன் முகத்தில் ஒரு கோடு, அதுதான் அடிவானம். அதன்மேல் ஒரு சிறிய விமானப் படம். விமானம் சாய்ந்தால் கோடும் சாய்ந்து தெரியும். எந்தப் பக்கம் சாய்கிறோம், மேலே போகிறோமா கீழே போகிறோமா என்பதை ஒரே பார்வையில் அறிந்துகொள்ளலாம்.

1929-ம் ஆண்டு செப்டம்பர் 24-ந் தேதி டூலிட்டிலின் ஆசனத்தை முழுவதும் திரை போட்டு மூடினார்கள். வெளியே ஒன்றும் தெரியாது. கருவிகளையும் ரேடியோவையும் மட்டும் நம்பி அவர் கிளம்பினார், வட்டமிட்டார், பத்திரமாக இறங்கினார். எல்லாம் சுமார் 15 நிமிடம். ஆபத்துக்கு உதவ இன்னொரு விமானி முன்னால் இருந்தார். அவர் விமானத்தை ஓட்ட வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

இந்த வெற்றிக்குப் பின் ஒன்பது மாதங்களுக்குள், 1930-ம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி, எல்மர் ஸ்பெர்ரி காலமானார்.

கோடு வளர்ந்து மலையாயிற்று

அவர் காட்டிய ஒற்றைக் கோடு இன்று பெரிதாக வளர்ந்துவிட்டது. புதுவகை விமானங்கள் பலவற்றில், விமானியின் எதிரே வண்ணத் திரை இருக்கிறது. அதில் மலை, பள்ளத்தாக்கு, ஓடுபாதை எல்லாம் நீளம், அகலம், உயரத்தோடு முப்பரிமாணமாகத் தெரிகின்றன. பூமியின் மேடுபள்ளங்களை முன்கூட்டியே அளந்து கணிப்பொறியில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். விமானம் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள்கள் சொல்கின்றன. சாய்வை ஜைரோஸ்கோப் சொல்கிறது. இவற்றைச் சேர்த்துக் கணிப்பொறி படம் வரைகிறது. மோதும் அபாயம் இருந்தால் அந்த மலை சிவப்பாகத் தெரியும்.

இத்தகைய கருவியுள்ள விமானம் மார்கழிப் பனியில் நம் பக்கம் வந்தால், திருத்தணி மலையும் அந்தத் திரையில் தெரியும். கீழே படியேறும் பக்தருக்கு மலை உச்சி தெரியாமல் இருக்கலாம். ஆனால் மேலே செல்லும் விமானிக்கு அது தெரியும்.

அந்தப் படத்தின் நடுவே இன்றும் ஓர் அடிவானக் கோடு இருக்கிறது. அதுதான் ஸ்பெர்ரி குடும்பம் உலகுக்குக் கொடுத்த கோடு.