அணுகுண்டு ட்ரூமன் தெரியும்... இன்சூரன்ஸ் ட்ரூமன் தெரியுமா? அமெரிக்காவில் வேலை போனால் மருத்துவக் காப்பீடும் போவது ஏன்?

ஹாரி ட்ரூமன்னு சொன்னாலே நமக்கு ஹிரோஷிமாதான் ஞாபகம் வரும். அதே 1945-ல், நவம்பர் 19-ம் தேதி, அவர் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு வேறொரு கோரிக்கையை அனுப்பினார். எல்லா மக்களுக்கும் அரசே மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்பதுதான் அது.

1884-ல் மிசௌரி மாகாணத்தின் லாமரில் பிறந்தவர் ட்ரூமன். காலேஜ் டிகிரி கிடையாது. விவசாயம் பார்த்தார், முதல் உலகப் போரில் பீரங்கிப் படை கேப்டனாக இருந்தார். திரும்பி வந்து போட்ட துணிக்கடை 1922-ல் நொடித்துப் போச்சு. அந்தக் கடனை அடைக்கவே பல வருஷம் ஆனது. பிறகு அரசியல், செனட்டர், துணை அதிபர். 1945 ஏப்ரலில் ரூஸ்வெல்ட் இறந்ததும் அதிபர்.

அவர் கையில் ஒரு கணக்கு இருந்தது. இரண்டாம் உலகப் போருக்கு ஆள் எடுத்தபோது, கிட்டத்தட்ட 50 லட்சம் பேர் உடல் தகுதி இல்லை என்று கழிக்கப்பட்டிருந்தார்கள். ஆனால், டாக்டர்கள் சங்கம் இது சோஷலிசம் என்று கொடி பிடித்தது. பணத்தைக் கொட்டிப் பிரசாரம் பண்ணியது. திட்டம் நிறைவேறவே இல்லை.

சரி, அப்போ மக்கள் என்ன செய்தார்கள்? இங்கேதான் கம்பெனிகள் வருகின்றன. 1942-ல் போர்க்காலச் சட்டம் சம்பள உயர்வுக்குக் கடிவாளம் போட்டது. இன்சூரன்ஸ் மட்டும் சம்பளக் கணக்கில் வரவில்லை. ஆள் தட்டுப்பாட்டில் தவித்த முதலாளிகள் அதைக் காட்டி ஆள் பிடித்தார்கள். போதாததற்கு, கம்பெனி கட்டும் பிரீமியத்துக்குத் தொழிலாளி வருமான வரி கட்ட வேண்டாம் என்று 1954 வரிச் சட்டம் உறுதி செய்தது. 100 டாலர் சம்பளமாக வந்தால் வரி உண்டு, இன்சூரன்ஸாக வந்தால் இல்லை. கஜானாவில் இருந்து காசு எடுத்துக் கொடுக்கவில்லை, வர வேண்டிய வரியை விட்டுக்கொடுத்தார்கள். இதுவும் மானியம்தானே? அதிக சம்பளக்காரருக்கு வரி விகிதம் அதிகம் என்பதால் லாபமும் அவருக்கே அதிகம். வேலையில் இருந்தவர்களுக்கு அரசுத் திட்டம் பெரிய தேவையாகத் தெரியவில்லை. ரிட்டயர் ஆனவர்கள் அம்போ!

அந்த முதியவர்களுக்காகத்தான் மெடிகேர் வந்தது. 1965 ஜூலை 30-ல் அதிபர் ஜான்சன், ட்ரூமனின் ஊரான இண்டிபெண்டன்ஸுக்கே போய்க் கையெழுத்துப் போட்டார். முதல் அட்டை 81 வயது ட்ரூமனுக்கு, இரண்டாவது அவர் மனைவி பெஸ்ஸுக்கு.

1972 டிசம்பர் 26-ல் ட்ரூமன் காலமானார். வரிச் சலுகை இன்றும் அப்படியே இருக்கிறது. 15 கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் காப்பீடு இப்போதும் கம்பெனி கையில்தான்.