சாலையும் சபையும்

இறைவனை வழிபடக் கூடுவோர், தம் வாயிலில் வந்து நிற்கும் வீடற்றோனையும் வழிப்போக்கனையும் எவ்வாறு நடத்துகின்றனர் என்பதே அவர்தம் வழிபாட்டிற்கு உரைகல்லாகும். அவ்வுரைகல்லிலே தம் வாழ்வை உரைத்துக் காட்டிய பெருமக்களுள் வடலூர் இராமலிங்க அடிகளார் முன்னிற்பவர். கல்லூரி அன்னையின் விழா மலரிலே அவர் வரலாற்றைச் சுருங்கக் கூற முற்படுகின்றோம்.

அடிகளார் 1823 ஆம் ஆண்டு ஒக்டோபர் 5 ஆம் நாள், சிதம்பரத்தை அடுத்த மருதூரிலே, இராமையாபிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாவது மகவாகத் தோன்றினார். கைக்குழந்தையாய் இருந்தபோதே தந்தையை இழந்தார். தாயார் மக்களை அழைத்துக்கொண்டு உறவினரை நாடிச் சென்று, பின்னர்ச் சென்னையிற் குடியேறினார். ஆதரவு தேடி ஊர்விட்டு ஊர் செல்லுதல் இவ்வாறு தொட்டிற் பருவத்திலேயே அவருக்கு வாய்த்தது. தமையனார் சபாபதியார் புராண விரிவுரை செய்து குடும்பத்தைத் தாங்கினார். இளையவரோ பள்ளிப் படிப்பில் மனம் பற்றாது, கந்தகோட்டத்திலும் திருவொற்றியூரிலும் பாடிப் பரவித் திரிந்தார்.

முப்பத்தைந்து வயதளவிலே சென்னையை நீங்கித் தில்லையைத் தரிசித்து, வடலூருக்கு அண்மையிலுள்ள கருங்குழியிலே வேங்கட ரெட்டியார் என்னும் அன்பர் இல்லத்திற் பல்லாண்டு தங்கினார். பிறர் மனையில் விருந்தாக இருந்து உண்டவர் என்பதை நாம் மறத்தலாகாது. 1865 இல் சமரச வேத சன்மார்க்க சங்கத்தை நிறுவினார். பின்னர் வடலூர் மக்கள் மனமுவந்து அளித்த நிலத்திலே, 1867 ஆம் ஆண்டு மே மாதம் 23 ஆம் நாள் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். நாற்றிசைப் பாதைகளும் கூடும் இடமாதலின் வழிப்போக்கர் பலர் வந்து செல்லும் ஊர் அது. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாது காக்கப்பட்டு வருகின்றது.

அக்காலத்துச் சத்திரங்கள் பலவற்றிற் குலம் பார்த்தே பந்தி வகுத்தனர். அடிகளாரோ, பசித்து வந்தவரிடம் சாதியையும் சமயத்தையும் தேசத்தையும் நடத்தையையும் உசாவாது உணவு அளித்தலே சீவகாருணியம் என விதித்தார்.

ஐந்தாண்டு கழித்து, 1872 ஆம் ஆண்டு சனவரி 25 ஆம் நாள், எண்கோண வடிவினதாகிய சத்திய ஞானசபை திறக்கப்பட்டது. ஈண்டு ஒன்றை உற்று நோக்குதல் வேண்டும். புலாலையும் கொலையையும் விட்டவரே சபையினுட் புகலாம் என அடிகளார் வரையறை செய்தார். அவ்வொழுக்கத்தில் நில்லாதாருக்கும் பசி நீக்கும் உரிமை மட்டும் மறுக்கப்படவில்லை. வழிபாட்டு வாயிலுக்கு ஒரு தகுதி வகுத்த அவரே, சோற்று வாயிலுக்கு யாதொரு தகுதியும் வகுத்திலர். மேலும், சபை எழுமுன்னரே சாலை எழுந்தது. முன்னது எது, பின்னது எது என்பதை அவர் ஆண்டுக் கணக்கிலேயே காட்டிவிட்டார்.

1870 முதல் மேட்டுக்குப்பத்துச் சித்திவளாகத்தில் வாழ்ந்த அடிகளார், 1874 ஆம் ஆண்டு சனவரி 30 ஆம் நாள் தம் அறையினுட் புகுந்து கதவடைத்துக்கொண்டார். சோதியுட் கலந்தார் என்பது அன்பர் நம்பிக்கை.

எம் நாவலர் பெருமானுக்கும் அடிகளாருக்கும் இடையே மூண்ட அருட்பாப் பூசல் 1869 இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றதை யாழ்ப்பாணத்தார் நன்கறிவர். அதன் நியாயங்களை ஆராய்தல் எம் நோக்கமன்று. ஆயினும், சில ஆண்டுகளின் பின் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது, அதே நாவலர் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்திப் பசித்தோரைக் காத்தார். கொள்கையில் மாறுபட்ட இருவரும் பசித்தவன் எதிரே ஒன்றுபட்டனர். இது நாம் இருவரிடத்தும் கற்கத்தக்க பாடம்.

இதனை எழுதுங்கால் எமது நெஞ்சமே எம்மைச் சுடுகின்றது. ஒரு கோயில் மடத்திலே மாகேசுவர பூசைக்குப் பரிமாறி நின்றோம். அழுக்கேறிய மூட்டையுடன் பந்தியில் அமர்ந்த முதியவர் ஒருவரை, எவ்வூரார் எனக் கேட்டு எழுப்பி, ஊரவர் உண்டபின் வருமாறு தொண்டர் ஒருவர் வெளியே அனுப்பினார். கையிற் சோற்றுக் கடகத்துடன் நின்ற நாம் வாய் திறந்திலேம். பந்தி முடிந்தபின் தேடினோம், முதியவரைக் காணவில்லை. கடகத்திலோ சோறு எஞ்சியிருந்தது.

பழைய மாணவர்காள், விழாக்காலத்திலே நாமும் பந்தி வைப்போம். அழைப்பிதழ் பெறாத ஒருவர் வாயிலில் வந்து நிற்பாராயின், அவரை எவர் என்று உசாவுமுன் இலையைப் போடுவோமாக. மாணவச் செல்வங்களும் அதனைக் கண்டு பழகுக.