கம்மி ஸ்மைல்: மர்லின் மன்றோ தன் சிரிப்பை இறக்கிய கதை

செல்ஃபி எடுக்கும்போது மட்டும் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிற ஒருவர் எல்லா நண்பர்கள் கூட்டத்திலும் இருப்பார். ஏன் என்று கேட்டால், சிரிச்சா ஈறு தெரியும் என்பார். பல் மருத்துவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘கம்மி ஸ்மைல்’. தமிழில் கம்மி என்றால் குறைவு. இங்கே விஷயம் நேர் எதிர், ஈறு கூடுதலாகத் தெரிவதுதான் குறை.

சினிமா வரலாற்றிலேயே அதிகம் படம்பிடிக்கப்பட்ட சிரிப்புகளில் ஒன்று மர்லின் மன்றோவுடையது. அந்தச் சிரிப்பிலும் இதே குறையைத்தான் முதலில் கண்டுபிடித்தார்கள்.

1926 ஜூன் 1-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தபோது அவர் பெயர் நோர்மா ஜீன். அம்மா கிளாடிஸ் ஹாலிவுட்டில் பிலிம் வெட்டும் வேலை பார்த்தவர், பின்னர் மனநோயால் மருத்துவமனைக்குப் போனார். மகள் பல வளர்ப்பு வீடுகளிலும் ஓர் அனாதை இல்லத்திலும் வளர்ந்தார். வளர்த்த குடும்பம் ஊரை விட்டுக் கிளம்ப, மறுபடி அனாதை இல்லமா, கல்யாணமா என்ற நிலை வந்தது. 1942-ல், 16 வயது முடிந்த சில நாட்களில், பக்கத்து வீட்டு ஜிம் டோகர்ட்டியைக் கட்டிக்கொண்டார்.

போர்க்காலம். கணவர் கப்பலில் போய்விட, இவர் வான் நைஸில் இருந்த ரேடியோபிளேன் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். தொழிற்சாலைப் பெண்களைப் படமெடுக்க வந்த ராணுவப் புகைப்படக்காரர் டேவிட் கானோவர் கண்ணில் பட்டதும் வாழ்க்கை திரும்பியது.

1945 ஆகஸ்ட்டில் எம்மலின் ஸ்னைவ்லி நடத்திய ‘புளூ புக்’ மாடலிங் ஏஜென்சியில் சேர்ந்தார். பயிற்சிக் கட்டணம் 100 டாலர். கையில் அவ்வளவு இல்லை, கிடைக்கும் சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. ஸ்னைவ்லி பார்த்ததுமே ஒரு குறை சொன்னார்: இந்தப் பெண்ணின் சிரிப்பு ரொம்ப மேலே போகிறது, மூக்கைச் சுற்றிக் கோடு விழுகிறது. ஈறு தெரிந்தது என்றும், மூக்கு நீளமாகத் தெரிந்தது என்றும் வாழ்க்கை வரலாறுகள் கூடுதலாகச் சொல்கின்றன. தீர்வு எளிமையானது. மேலுதட்டைக் கீழே பிடித்துக்கொண்டு சிரிக்கப் பழக வேண்டும்.

இது வெறும் போஸ் இல்லையா, இதில் மருத்துவம் எங்கே வந்தது?

ஈறு அதிகம் தெரிய முக்கியமான காரணங்கள் மூன்று. பல் சரியான நீளத்தில் இருந்தும் ஈறு அதன் மேல் இறங்கி மூடியிருக்கலாம். மேல் தாடை எலும்பே செங்குத்தாகக் கூடுதலாக வளர்ந்திருக்கலாம். அல்லது மேலுதடு குட்டையாக இருக்கலாம், அதைத் தூக்கும் தசைகள் வேகமாக இழுக்கலாம். சிலருக்கு இவை கலந்தும் இருக்கும். முதல் வகைக்கு லேசர் அல்லது கத்தியால் ஈறைச் சீரமைப்பார்கள், தேவைப்பட்டால் அடியில் உள்ள எலும்பையும் கொஞ்சம் குறைப்பார்கள். இரண்டாவது வகைக்கு, அளவு அதிகமாக இருந்தால், தாடையை வெட்டி மேலே ஏற்றிப் பொருத்தும் பெரிய அறுவை சிகிச்சை. மூன்றாவதற்கு உதட்டை இழுக்கும் தசையில் போடாக்ஸ் ஊசி போடலாம். சில மாதங்களில் அதன் வேலை முடிந்துவிடும், திரும்பப் போட வேண்டும். உதட்டின் உள்பக்கம் சிறிது சதையை எடுத்துத் தைத்து, உதடு மேலே ஏறாமல் தடுக்கும் முறையும் உண்டு. அதனால்தான் எந்தக் காரணம் என்று பார்க்காமலேயே ஊசிக்கோ லேசருக்கோ நாள் குறித்துக் கொடுக்கிற கிளினிக்கில் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

போடாக்ஸ் முகச் சுருக்கத்துக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றதே 2002-ல்தான். 1945-ல் ஸ்னைவ்லியிடம் இருந்தது பயிற்சி மட்டும். அந்த ஊசி இன்று செய்வதை, உதடு தூக்குவதைக் குறைப்பதை, நோர்மா ஜீன் தன் கட்டுப்பாட்டிலேயே செய்யப் பழகினார். பலன் உடனே தெரிந்தது. 1946 தொடக்கத்துக்குள் 33 பத்திரிகை அட்டைகளில் அவர் முகம் வந்திருந்தது.

சிரிப்போடு திருத்தம் நிற்கவில்லை. சுருட்டை முடி நேராக்கப்பட்டு வெளுப்பாக்கப்பட்டது. 1946 ஆகஸ்ட்டில் டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் ஒப்பந்தம் போட்டபோது பெயரும் போனது. மர்லின் என்பது ஸ்டுடியோ அதிகாரி பென் லயன் யோசனை, மன்றோ என்பது அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர். 1948-ல் கொலம்பியா ஸ்டுடியோவில் நெற்றி முடிக்கோட்டை மின்சாரத்தால் வேரோடு எடுத்து மேலேற்றினார்கள். 1950-ல் தாடை முனையில் குருத்தெலும்பு வைக்கப்பட்டதாக ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் எழுதிவைத்த குறிப்பு, 2013-ல் எக்ஸ்-ரே படங்களோடு ஏலத்துக்கு வந்தது. இறந்து 51 வருடம் ஆன ஒருவரின் மருத்துவக் கோப்பை ஏலம் விடுவது சரியா?

இத்தனையிலும் நிலைத்தது உதடுதான். 1948-லிருந்து நடிப்புப் பயிற்சி கொடுத்த நடாஷா லைட்டெஸ் ஒவ்வொரு எழுத்தையும் உதட்டை அழுத்தி அசைத்து உச்சரிக்கப் பழக்கினார். கீழே பிடித்து வைத்த மேலுதடு, அதிலிருந்து வருகிற லேசான துடிப்பு, பாதி திறந்த வாய். 1953-ல் நயாகரா, ஜென்டில்மென் பிரிஃபர் பிளாண்ட்ஸ், ஹவ் டு மேரி எ மில்லியனர் என்று மூன்று படங்கள் வந்தபோது, குறையை மறைக்கத் தொடங்கிய பழக்கமே அவர் அடையாளமாகிவிட்டது. மேக்கப் கலைஞர்கள் இன்றும் அந்த வாயைத்தான் நகலெடுக்கிறார்கள்.

அந்த முகத்தில் பணம் பார்த்தது ஸ்டுடியோ. அதே மாதிரி வேடங்களாகவே கொடுத்தார்கள். பொறுத்தது போதும் என்று 1954 கடைசியில் நியூயார்க் போய், புகைப்படக்காரர் மில்டன் கிரீனுடன் சேர்ந்து சொந்தத் தயாரிப்பு நிறுவனம் தொடங்கினார், ஆக்டர்ஸ் ஸ்டுடியோவில் படித்தார். ஒரு வருடம் இழுபறிக்குப் பிறகு ஃபாக்ஸ் இறங்கி வந்தது: நான்கு படங்களுக்கு 4 லட்சம் டாலர், கதையையும் இயக்குநரையும் ஒளிப்பதிவாளரையும் தேர்ந்தெடுக்கும் உரிமை. இதில் மூன்றாவது உரிமையை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. தன் முகம் எந்தக் கோணத்தில் எப்படித் தெரியும் என்று 19 வயதிலிருந்து அளந்து பழகியவர் அவர்.

ஜோ டிமாஜியோ, ஆர்தர் மில்லர் இருவருடனான திருமணங்களும் முறிந்தன. சம் லைக் இட் ஹாட் படத்துக்கு 1960-ல் கோல்டன் குளோப் கிடைத்தது. தூக்க மாத்திரைப் பழக்கமும் உடல்நலக் கோளாறும் கூடிக்கொண்டே போயின. 1962 ஆகஸ்ட் 4 இரவு, 36 வயதில், லாஸ் ஏஞ்சல்ஸ் வீட்டில் இறந்தார்.

அதற்குச் சில வாரங்கள் முன்பு வோக் பத்திரிகைக்காக பெர்ட் ஸ்டெர்ன் அவரை 2,500-க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்திருந்தார். ஒரு பகுதியைப் பார்க்க அனுப்பிவைத்தபோது, பிடிக்காதவற்றின் மேல் மர்லின் பெருக்கல் குறி போட்டுத் திருப்பி அனுப்பினார். சிலவற்றின் பிலிமையே கீறியிருந்தார். அவர் வேண்டாம் என்று அடித்த படங்களும், அந்தக் குறியோடேயே, பின்னாளில் ஸ்டெர்னின் புத்தகத்தில் அச்சாகி வெளிவந்தன.