வகுப்பறைக்குத் திரும்பிய பேராசிரியர்

பண்பொழியில் குன்றின் மேல் எழுந்தருளியிருக்கும் திருமலைக் குமாரசாமியைத் தென்பாண்டிச் சீமையில் அறியாதவர் இல்லை. மேற்கே மலைத்தொடர், சுற்றிலும் வயல்கள் என்று சாரல் காற்றில் குளிர்ந்து கிடக்கும் ஊர் அது.

இன்று அது தென்காசி மாவட்டத்து ஊர். ஆனால் 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி வரை செங்கோட்டைத் தாலுகா முழுவதும் மலைக்கு அப்பாலிருந்த ஆட்சியைச் சேர்ந்திருந்தது. மகாராஜாக்கள் ஆண்ட காலத்தில் இங்குள்ள ஜனங்களுக்குத் தலைநகரம் திருவனந்தபுரம்தான். கல்லூரிப் படிப்பு வேண்டுமென்றாலும் ராஜ்யத்தின் பெரிய கல்லூரி அங்கேதான் இருந்தது. செங்கோட்டையிலிருந்து கொல்லத்துக்கு ரெயில் பாதை வந்தது 1904-ம் ஆண்டில். அதற்கு முன்பு ஆரியங்காவுக் கணவாய் வழியாக வண்டி கட்டிக்கொண்டுதான் போகவேண்டும்.

அந்தக் கல்லூரியில் பாடம் சொன்ன ஒரு தமிழ்ப் பெரியவரின் பெயர் இப்போது இந்த வட்டாரத்துக்கே வந்துவிட்டது. குற்றாலத்திலும் சுற்று வட்டாரத்திலும் கலைக் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகள் வாங்கும் பட்டத்தில் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் என்று அச்சாகியிருக்கிறது.

மனோன்மணீயம் என்பது அவருடைய பெயர் அல்ல. அவர் எழுதிய நாடகத்தின் பெயர். பெற்றோர் இட்ட பெயர் சுந்தரம். உலகம் அறிந்த பெயர் பேராசிரியர் சுந்தரம் பிள்ளை.

ஆலப்புழைத் துணிக்கடை

சுந்தரம் பிள்ளை 1855-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஆலப்புழையில் பிறந்தார். தந்தை பெருமாள் பிள்ளை. தாயார் மாடத்தி அம்மாள். முன்னோர் மதுரைப் பக்கத்திலிருந்து மலையாள நாட்டுக்குக் குடியேறியவர்கள். பெருமாள் பிள்ளை ஆலப்புழையில் துணி வியாபாரம் செய்து வந்தார்.

வீட்டில் தமிழும் சைவமும் தழைத்திருந்தன. சிறுவன் தேவார திருவாசகங்களைக் கேட்டு வளர்ந்தான். பிற்காலத்தில் நாகப்பட்டினம் நாராயணசாமிப் பிள்ளை என்ற பெரும் புலவரிடம் முறையாகத் தமிழ் கற்றான். பள்ளியில் ஆங்கிலம், வீட்டில் தமிழ். இரண்டு படிப்பும் ஒருவரிடத்தில் சேர்வது அந்தக் காலத்தில் அபூர்வம். ஆங்கிலம் படித்தவர்கள் தமிழை மறந்தார்கள். தமிழ் படித்தவர்களுக்கு ஆங்கிலம் எட்டவில்லை.

திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் சேர்ந்து 1876-ல் பி.ஏ. பட்டம் பெற்றார். கல்லூரி மகாராஜாவுடையது, பரீட்சை சென்னைப் பல்கலைக்கழகத்தினுடையது. அங்கே தத்துவம் போதித்தவர் டாக்டர் ராபர்ட் ஹார்வி என்ற வெள்ளைக்காரர். மாணவனின் கூர்மையை முதலில் கண்டுகொண்டவர் அவரே. அந்தக் குரு சிஷ்ய உறவு சாகும் வரையில் நீடித்தது.

நெல்லையில் இருந்த காலம்

பட்டம் பெற்ற மறு வருஷம் திருநெல்வேலியில் ஆங்கிலத் தமிழ்ப் பள்ளி ஒன்றின் தலைமை சுந்தரம் பிள்ளையைத் தேடி வந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. சிவகாமி அம்மாளை மணம் புரிந்துகொண்டதும் அந்தச் சமயத்தில்தான். பள்ளிக்கூடமாக இருந்த அந்த ஸ்தாபனம் கல்லூரியாக வளர்ந்தது. அதுதான் பிற்காலத்தில் பாரதியார் பள்ளிப் பிள்ளையாக வந்து படித்த இந்துக் கல்லூரி.

நெல்லை அவருக்கு இன்னொரு குருவையும் கொடுத்தது. கோடகநல்லூர் சுந்தர சுவாமிகள் என்ற துறவியிடம் அவர் பக்தி கொண்டார். மேல்நாட்டுத் தத்துவம் கற்ற மனம் சைவ சித்தாந்தத்திலும் தோய்ந்தது. பின்னால் அவர் எழுதிய நாடகத்தில் வரும் சுந்தர முனிவர் இந்தச் சுவாமிகளை நினைத்துப் படைக்கப்பட்டவரே என்று சொல்வார்கள்.

1879-ல் அவர் திருவனந்தபுரத்துக்குத் திரும்பினார். படித்த கல்லூரியிலேயே தத்துவ ஆசிரியரானார். மறு ஆண்டு எம்.ஏ. தேறினார். சமஸ்தானத்தில் எம்.ஏ. படித்தவர்களைப் பார்ப்பதே அரிதாக இருந்த காலம் அது. எம்.ஏ. பிள்ளை என்றே ஊரார் அவரைக் குறிப்பிடத் தொடங்கினார்கள்.

அரண்மனை உத்தியோகம்

1882-ம் ஆண்டு அவருக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. விசாகம் திருநாள் மகாராஜா ஆட்சி செய்த காலம். சமஸ்தானத்தின் பிறவகை வருமானங்களைக் கவனிக்கும் சிரஸ்தார் பதவியில் சுந்தரம் பிள்ளை நியமிக்கப்பட்டார்.

சிரஸ்தார் என்றால் சாதாரண உத்தியோகமா? அதிகாரம், சேவகர்கள், அரண்மனைச் செல்வாக்கு எல்லாம் உண்டு. அந்தப் படியில் கால் வைத்தவர்கள் மேலே மேலே ஏறித் திவான் கச்சேரி வரையில் போகலாம். வாத்தியார் வேலையிலிருந்து அங்கே போனவர் மறுபடியும் வாத்தியார் வேலைக்கு வருவார் என்று யாரும் எதிர்பார்க்கமாட்டார்கள்.

சுந்தரம் பிள்ளை வந்தார். 1885-ல் தத்துவப் பேராசிரியர் ஸ்தானத்துக்கு ஹார்வி தம் மாணவரைச் சிபாரிசு செய்தார். சுந்தரம் பிள்ளை சிரஸ்தார் நாற்காலியை விட்டு இறங்கி வகுப்பறைக்குத் திரும்பினார். பிறகு கடைசி வரையில், பன்னிரண்டு வருஷ காலம், அந்த இடத்தை விட்டு அகலவில்லை.

அவர் பெயர் இன்று வரை நிலைத்திருப்பதற்கு அந்தப் பன்னிரண்டு வருஷங்களே காரணம்.

கல்லூரி என்றால் பரீட்சை

அக்காலக் கல்லூரிகளின் நிலைமையை இப்போதைய மாணவர்கள் கற்பனை செய்வதுகூடக் கஷ்டம். 1857-ல் ஏற்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம் அப்போது பாடம் சொல்லும் இடமாக இல்லை. பரீட்சை வைத்துப் பட்டம் கொடுப்பதே அதன் வேலை. கல்லூரிகளோ பிள்ளைகளைப் பரீட்சைக்குத் தயார் செய்யும் இடங்கள். பேராசிரியர் புத்தகத்தை விளக்குவார். மாணவன் குறிப்பு எடுத்துக்கொண்டு உருப்போடுவான். பட்டம் வாங்கியதும் சர்க்கார் வேலைக்கு மனுப் போடுவான்.

கல்லூரி ஆசிரியர் புதிதாக எதையாவது கண்டுபிடிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அதற்குப் பண உதவியும் கிடையாது. கணித மேதை ராமானுஜனுக்கு அதே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் வழங்கியது 1913-ம் ஆண்டில்தான். அப்போது சுந்தரம் பிள்ளை மறைந்து பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

யாரும் கேட்காத வேலையை அவர் தாமாகவே மேற்கொண்டார். பகலில் வகுப்பில் மேல்நாட்டுத் தத்துவம். மற்ற நேரத்தில் தமிழும் சரித்திரமும்.

கோயில் சுவரே புத்தகம்

திருவிதாங்கூரின் பழைய வரலாறு அன்றைக்குப் பெரும்பாலும் கர்ணபரம்பரைக் கதைகளாகவே இருந்தது. எந்த ராஜா எப்போது ஆண்டார் என்று கேட்டால் திட்டமான பதில் கிடைக்காது. ஆனால் கோயில் சுவர்களிலும் தூண்களிலும் பதில்கள் பொறிக்கப்பட்டிருந்தன. தமிழிலும் வட்டெழுத்திலும் இருந்த அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே.

சுந்தரம் பிள்ளை வட்டெழுத்தைப் பயின்றார். கல்வெட்டுக்களைத் தேடிப் படி எடுத்தார். அவற்றில் காணும் கொல்லம் ஆண்டோடு 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். இப்படிக் கணக்கிட்டு, ஒரு கல்வெட்டை மற்றொன்றோடு ஒப்பிட்டு, 12-ம் நூற்றாண்டில் வேணாட்டை ஆண்ட மன்னர்களை வரிசைப்படுத்தினார். 1894-ல் இந்த ஆராய்ச்சி ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தது. திருவிதாங்கூர் சரித்திரத்துக்குக் கல்லில் ஊன்றிய அஸ்திவாரம் அதுவே. அரசாங்கம் அவரைக் கௌரவக் கல்வெட்டு ஆராய்ச்சியாளராக ஏற்றுக்கொண்டது.

பிஷப்பை மறுத்தார்

அதைவிடப் பெரிய விவகாரம் திருஞானசம்பந்தர் காலம். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய பிஷப் கால்டுவெல், சம்பந்தரை 13-ம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோய் வைத்திருந்தார். சம்பந்தர் காலத்துப் பாண்டியனும், வெனிஸ் யாத்திரிகர் மார்க்கோ போலோ குறிப்பிட்ட பாண்டியனும் ஒருவரே என்று அவர் கருதியதுதான் காரணம். கால்டுவெல் சொன்னால் மறுபேச்சு இல்லை என்றிருந்த காலம். சம்பந்தர் காலம் தவறினால் தமிழ் இலக்கிய வரலாறு முழுவதுமே தலைகீழாகிவிடும்.

சுந்தரம் பிள்ளை கோபித்துக்கொண்டு எழுதவில்லை. சான்றுகளை அடுக்கினார். பிற்கால நூல்கள் சம்பந்தரை எப்படிக் குறிப்பிடுகின்றன, கல்வெட்டுக்கள் என்ன கூறுகின்றன என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். சம்பந்தர் 7-ம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவராக இருக்க முடியாது என்று நிறுவினார். சம்பந்தரின் நண்பரான சிறுத்தொண்டர் 7-ம் நூற்றாண்டு வாதாபிப் போரில் கலந்துகொண்டவர் என்ற சான்றும் பின்னர் இதற்குத் துணை நின்றது. இன்று 7-ம் நூற்றாண்டு என்பதையே அறிஞர்கள் ஒப்புக்கொள்கிறார்கள்.

எவ்வளவு பெரியவர் சொன்னாலும் சான்றைக் கேள் என்பதை அவர் வகுப்பில் மட்டும் போதிக்கவில்லை. தாமே செய்து காட்டினார்.

தமிழில் விஞ்ஞானம், தமிழில் நாடகம்

ஆங்கிலத்தில் எழுதியதோடு அவர் நிற்கவில்லை. உலகத்து அறிவுத் துறைகளை வகைப்படுத்தி நூற்றொகை விளக்கம் என்ற நூலை 1888-ல் தமிழில் வெளியிட்டார். மரங்கள் வளரும் விதம், பூக்கள் செய்யும் தொழில் ஆகியவற்றைப் பற்றியும் தமிழில் கட்டுரைகள் எழுதினார். கல்லூரியில் ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் சொல்ல முடியாது என்பவர்களுக்கு அது பதில்.

1891-ல் மனோன்மணீயம் வெளிவந்தது. லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதை ஒன்றைத் தழுவி, நாலாயிரத்து ஐந்நூறு அடிகளுக்கு மேல் செய்யுளாகவே அமைந்த நாடகம். கதை நடப்பது நெல்லைச் சீமையில். குடிலன் என்ற மந்திரியின் பேச்சைக் கேட்டு ஜீவக பாண்டியன் மதுரையை விட்டுத் திருநெல்வேலியில் கோட்டை கட்டுகிறான். வரப்போகும் ஆபத்தை அறிந்த சுந்தர முனிவர் ரகசியச் சுரங்கம் ஒன்று அமைக்கிறார். நாஞ்சில் நாட்டுக்காகச் சேரனோடு போர் மூள்கிறது. பாண்டியன் தோற்கிறான். கடைசியில் அந்தச் சுரங்கத்தின் வழியே சூழ்ச்சி வெளிப்பட்டு, பாண்டியன் மகள் மனோன்மணி சேரனுக்கு மாலையிடுகிறாள்.

நூலை ஹார்விக்குக் காணிக்கையாக்கினார். மகாராஜா கொடுத்த பேரூர்க்கடை நிலத்தில் அமைந்த இல்லத்துக்கும் ஹார்விபுரம் என்றே பெயர் வைத்தார். 1892 டிசம்பரில் திருவனந்தபுரம் வந்த சுவாமி விவேகானந்தர் சந்தித்த அறிஞர்களில் அவரும் ஒருவர்.

பட்டம் இல்லாத இளைஞன்

1895-ல் நாகப்பட்டினத்திலிருந்து வேதாசலம் என்ற பத்தொன்பது வயது இளைஞர் அவரைக் காண வந்தார். உடன் வந்தவர் இருவருக்குமே தமிழ் சொல்லிக்கொடுத்த நாராயணசாமிப் பிள்ளை. வேதாசலம் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர். குடும்ப பாரம் தலைமேல் இருந்தது. தமிழ்ப் புலமையோ அபாரம்.

எம்.ஏ. பட்டம் பெற்ற பேராசிரியர் அந்த இளைஞரிடம் சர்ட்டிபிகேட் கேட்கவில்லை. பேசிப் பார்த்தார். புலமையை மெச்சித் தாமே நற்சான்று எழுதிக் கொடுத்தார். மறு ஆண்டு திருவனந்தபுரத்துப் பள்ளி ஒன்றில் வேதாசலம் தமிழாசிரியராகச் சில மாதம் வேலை பார்த்தார். 1898-ல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவர்தான் மறைமலை அடிகள்.

தாம் மாணவராக இருந்தபோது ஹார்வி செய்ததையே சுந்தரம் பிள்ளை அடுத்த தலைமுறைக்குச் செய்தார்.

நாற்பத்திரண்டு வயது

1896-ல் சர்க்கார் ராவ் பகதூர் பட்டம் வழங்கியது. சென்னைப் பல்கலைக்கழகம் தன் ஃபெல்லோக்களில் ஒருவராக அவரைச் சேர்த்திருந்தது. சீமையிலுள்ள ராயல் ஆசியாட்டிக் சங்கமும் உறுப்பினராக ஏற்றிருந்தது. ஆனால் நீரிழிவு நோய் உடலை அரித்துவிட்டது. 1897-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி, நாற்பத்திரண்டாவது வயதில் அவர் காலமானார். மகன் நடராஜ பிள்ளை அப்போது சிறு குழந்தை. அந்தப் பிள்ளை வளர்ந்து சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டார். திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் காலத்தில் ஹார்விபுரம் பறிமுதலாயிற்று. பின்னாளில் அவரே திருவிதாங்கூர்–கொச்சி ராஜ்யத்தின் நிதி மந்திரியானார்.

மனோன்மணீயத்தின் தமிழ்த்தெய்வ வணக்கத்திலிருந்து எடுத்த அடிகள் 1970 முதல் தமிழ்நாட்டு அரசு விழாக்களில் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஒலிக்கின்றன. 2021 டிசம்பரில் அதுவே மாநிலப் பாடல் என்று அறிவிக்கப்பட்டது. 1990-ல் நெல்லையில் தோன்றிய பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கியது. சிரஸ்தாராகவே இருந்திருந்தால் சமஸ்தானத்துப் பழைய தஸ்தாவேஜுகளில் ஒரு கையெழுத்தாக மட்டுமே அவர் மிஞ்சியிருப்பார்.

இன்று கல்லூரி மாணவர்களுக்கு உபகாரச் சம்பளம் உண்டு, ஆராய்ச்சிக்கு உதவித்தொகை உண்டு, நூலகங்கள் உண்டு. பேராசிரியர்களுக்கும் எத்தனையோ வசதிகள். சுந்தரம் பிள்ளைக்கு இருந்தவை கோயில் சுவர்களும், ஓய்வு நேரமும், தம்மை நம்பிய ஓர் ஆசிரியரும்தான். செங்கோட்டைச் சீமையிலும் கல்வெட்டுள்ள பழங்கோயில்கள் இருக்கின்றன. அவர் பெயர் அச்சிட்ட பட்டத்தை வாங்கப்போகும் பிள்ளைகள், அந்தச் சுவர்களின் முன்னால் ஒரு நாள் நின்று எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்க்கலாம்.