முகத்திரைக்கு அப்பால் ஹுதா ஷஃராவி

முஸ்லிம் பெண்ணைப் பற்றி மேலைநாட்டுச் செய்தி ஏடுகள் எழுதுந்தோறும் முகத்திரையே முதற்கண் வந்து நிற்கக் காண்கிறோம். எகிப்து நாட்டு ஹுதா ஷஃராவி அம்மையாரின் வரலாறும் அவ்வாறே சுருக்கப்பெற்றது. 1923-இல் ரோம் நகர மகளிர் மாநாட்டிலிருந்து திரும்பிய அவர், கெய்ரோ இரயில் நிலையத்தில் முகத்திரையை விலக்கினார். முக்காட்டை அன்று அவர் களையவில்லை. எனினும் அந்த ஒரு கணமே அவர்தம் முழு வாழ்வாக மேலையுலகில் பேசப்படலாயிற்று.

1879-இல் மின்யாவில் பிறந்த அம்மையார், இளமையிலேயே திருக்குர்ஆனை மனனம் செய்தவர். 13 வயதில் மணம் முடிக்கப்பெற்றவர். 1919-இல் ஆங்கில ஆட்சியை எதிர்த்துக் கெய்ரோ வீதிகளில் மகளிர் பேரணியை முன்னின்று நடத்தினார். அன்று பெண்கள் முகத்திரையுடனேயே அணிவகுத்தனர். உரிமைக் குரலை அத்திரை தடுக்கவில்லை. 1923-இல் அவர் நிறுவிய எகிப்தியப் பெண்கள் சங்கத்தின் முதற் கோரிக்கைகளுள் ஒன்று, பெண்ணின் மணவயதை 16 ஆக்குதல். அது விரைவிலேயே சட்டமாயிற்று. தாம் பட்ட துன்பம் பிற சிறுமியர்க்கு நேராவண்ணம் காத்த செயல் அது. 1938-இல் பாலஸ்தீன மக்களுக்காகக் கெய்ரோவில் கீழைநாட்டு மகளிர் மாநாட்டைக் கூட்டினார். 1947-இல் மறைந்தார்.

முஸ்லிம் பெண்ணின் ஆடையை மட்டும் ஓர் ஏடு நமக்குக் காட்டுமாயின், அவள் ஆற்றிய பணி யாது என வினவுதல் கற்றறிந்த நம் அனைவர்க்கும் கடமையாகும்.